தெரெமின்: தொடாம வாசிக்கிற பெட்டி பத்தி எல்லாரும் என்ட்ட கேக்குற கேள்விங்க

செங்கோட்டைல நமக்கு மைக்செட் கடை, அப்பா காலத்துல இருந்து இருக்கு. இங்கிட்டு தென்காசி, அங்கிட்டு ஆரியங்காவு தாண்டி தென்மலை புனலூர் வரைக்கும் கல்யாணம், கோயில் கொடை, சடங்குன்னு செட் கொண்டு போறோம். மூணு வருஷமா செட்டோட கூட ஒரு சின்னப் பெட்டியும் வருது, அதுல ஒரு கம்பி நட்டமா நிக்கும், பக்கவாட்டுல ஒரு வளையம் இருக்கும். அத வச்சு நான் காத்துல கைய ஆட்டுனா பாட்டு வரும். அவ்ளோதான், ஜனம் சாப்பாட்ட விட்டுட்டு கூடிடும், கேள்வியா கேட்டுத் தள்ளுதாங்க. ஒரே பதில நூறு தடவை சொல்லி வாய் வலிக்கு, அதான் ஒரே இடத்துல எழுதிப் போட்டுடலாம்னு.

இது என்ன வாத்தியம் அண்ணாச்சி?

தெரெமின். கையால தொடாமலே வாசிக்கிற எலெக்ட்ரானிக் வாத்தியம். நூறு வருஷத்துக்கும் மேல பழசு, கீபோர்டு சிந்தசைசர் எல்லாத்துக்கும் மூத்தது. புதுசா வந்த சைனா சாமான்னு நிறைய பேரு நினைக்காங்க, இல்ல.

தொடாம எப்படி சத்தம் வருது? உள்ள சென்சார் ஏதும் இருக்கா? மந்திரமா?

மந்திரமும் இல்ல, இப்ப ஏடிஎம் ரூம் கதவுல இருக்கே அந்த மாதிரி சென்சாரும் இல்ல. உங்க வீட்ல பழைய வால்வ் ரேடியோ இருந்திருந்தா உங்களுக்கு இது ஏற்கனவே தெரியும். ராத்திரி இலங்கை வானொலி பிடிக்கணும்னு குமிழ மெதுவா திருப்புவோம்லா, ஸ்டேஷனுக்குப் பக்கத்துல வரும்போது 'கூய்ய்ய்'னு ஒரு விசில் மேல ஏறி கீழ இறங்கும், சில நேரம் திருப்பி முடிச்சு கைய எடுத்த உடனே அந்த விசிலே மாறும், திரும்ப கைய கிட்ட கொண்டு போனா திரும்ப மாறும். நாமெல்லாம் எரிச்சல்பட்டு ரேடியோ தலைல ஒரு தட்டு தட்டுனோம், ஒரு ஆளு அதையே வாத்தியமா ஆக்கிட்டாரு.

விஷயம் இதுதான். பெட்டிக்குள்ள ரெண்டு ஆசிலேட்டர், அதாவது விடாம துடிக்கிற சர்க்யூட், இருக்கு, ரெண்டும் காதுக்கு எட்டாத ரேடியோ வேகத்துல துடிக்கும். ஒரு பேச்சுக்கு ரெண்டும் செகண்டுக்கு 5,00,000 தடவைன்னு வச்சுக்கோங்க. ஒண்ணு அசையாம அப்படியே நிக்கும். இன்னொண்ணு அந்த நட்டமா நிக்கிற கம்பியோட சேந்திருக்கு. நம்ம உடம்பு தண்ணியும் உப்பும், கரண்ட் கணக்குல அது ஒரு உலோகத் தகடு மாதிரிதான். கம்பி ஒரு தகடு, கை ஒரு தகடு, நடுவுல காத்து, ஆச்சா, அது ஒரு கெப்பாசிட்டர், கரண்ட சேத்து வைக்கிற பார்ட்டு. கை கிட்ட போகப் போக அந்த கெப்பாசிட்டர் பெருசாகும், ரெண்டாவது ஆசிலேட்டர் கொஞ்சம் மெதுவாகும். 5,00,000ல இருந்து 4,99,560க்கு வந்துச்சுன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் 440, அந்த 440 தான் ஸ்பீக்கர்ல சத்தமா வரும். கைய இன்னும் கிட்ட கொண்டு போனா வித்தியாசம் கூடும், சுருதி ஏறும். ரெண்டும் ஒண்ணா இருக்குற இடத்துல ஒண்ணுமே கேக்காது.

ஆக நீங்க வாத்தியத்த வாசிக்கல, வாத்தியத்தோட சர்க்யூட்ல நீங்களே ஒரு பார்ட்டு. கெப்பாசிட்டர் போயிடுச்சுன்னு கடைல ரெண்டு ரூபாய்க்கு வாங்கி மாத்துவோம்லா, அந்த வேலைய இங்க ஆளு பாக்குதாரு.

எந்தக் கை எதுக்கு?

வலது கை நட்டக் கம்பிக்கு, அது சுருதி. இடது கை வளையத்துக்கு, அது சத்தம் கூட்டக் குறைக்க. வளையத்துக்குக் கிட்ட கை போனா சத்தம் அடங்கும், தூக்குனா கூடும். இது புதுசா வர்றவங்கள ரொம்ப குழப்பும், ஏன்னா நமக்கு அமுக்குனா சத்தம் கூடணும்னு பழக்கம். இடதுகைப் பழக்கக்காரங்க மாத்தி நின்னு வாசிக்கதும் உண்டு.

கரண்ட் அடிக்குமா?

தொட்டாலும் அடிக்காது. தொட்டா பாட்டுதான் கெடும்.

இத யாரு கண்டுபிடிச்சா?

லெவ் தெர்மென்னு ஒரு ரஷ்யாக்காரர், 1896ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல பொறந்தவரு. வெளிநாட்டுக்காரங்க லியோன் தெரெமின்னு மாத்திக் கூப்பிட்டு, பெட்டிக்கும் அந்தப் பேரே நின்னுடுச்சு. 1920ல பெத்ரோகிராட்ல (அதே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கோட அப்போதைய பேரு) ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வாயுக்கள அளக்குற கருவி ஒண்ணு செஞ்சிட்டு இருந்தாரு, அதுல ஹெட்போன் மாட்டி கேட்டப்ப கை கிட்ட போனா விசில் மாறுது. வேற ஆளா இருந்தா கருவி சரியில்லன்னு சோல்டரிங் ஐயன எடுத்திருப்பான். இவரு செல்லோ வாசிக்கத் தெரிஞ்சவரு, அதனால அந்தக் கோளாறுல அவருக்கு பாட்டு கேட்டுருக்கு. எனக்கு இந்த மொத்தக் கதைலயும் பிடிச்ச இடம் இதுதான்.

1922ல லெனின்கிட்ட கொண்டு போய் வாசிச்சுக் காட்டுனாரு. லெனின் தானும் வாசிக்கணும்னு எந்திரிச்சு வந்தாராம், தெர்மென் பின்னாடி நின்னு கையப் பிடிச்சு ஆரம்பிச்சு விட்டாராம், கொஞ்ச நேரத்துல லெனினே தனியா வாசிச்சாருன்னு தெர்மெனே வயசான காலத்துல சொல்லிருக்காரு. அப்புறம் ஐரோப்பாவச் சுத்திட்டு 1927 கடைசில அமெரிக்கா போனாரு, 1928ல அங்க பேட்டன்ட் வாங்குனாரு, ஆர்சிஏ கம்பெனி 1929ல இத செஞ்சு கடைக்குக் கொண்டு வந்துச்சு. யாரு வேணாலும் சுலபமா வாசிக்கலாம்னு விளம்பரம் பண்ணாங்க. அது பச்சைப் பொய், வீட்டுக்கு வாங்கிட்டுப் போனவங்களுக்கு நாய் ஊளைதான் வந்திருக்கும். அதே வருஷம் அமெரிக்கால பங்குச் சந்தை வேற விழுந்துச்சா, சுமார் 500 பெட்டியோட கதை முடிஞ்சுது.

அவரு ஒட்டுக் கேக்குற மெஷினும் செஞ்சாருங்கது உண்மையா?

உண்மை. 1938ல திடீர்னு அமெரிக்காவ விட்டு ரஷ்யா திரும்பிட்டாரு. லவினியா வில்லியம்ஸ்ன்னு ஒரு நாட்டியக்கார அம்மாவக் கட்டிருந்தாரு, அந்தம்மா அவர அப்புறம் பாக்கவே இல்ல. ஊருக்குப் போன மறு வருஷமே பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க, ரஷ்யாவோட வடகிழக்கு மூலைல கோலிமா பக்கம் கடும் குளிர்ல கைதி முகாம், பிறகு கைதி விஞ்ஞானிகள வச்சு வேலை வாங்குற ரகசிய கூடம்.

அங்க இருந்துதான் அந்த சாமான் வந்துச்சு. 1945ல மாஸ்கோல அமெரிக்கத் தூதருக்கு சோவியத் பிள்ளைங்க மரத்துல செதுக்குன அமெரிக்க அரசு முத்திரை ஒண்ணு பரிசா குடுத்தாங்க. அவரும் வீட்டுல மாட்டி வச்சாரு. உள்ள ஒரு குட்டி மைக். பேட்டரி கிடையாது, வயர் கிடையாது, வெளிய இருந்து ரேடியோ அலை அனுப்புனா மட்டும் முழிச்சுக்கும், பேச்ச ஏத்தி திருப்பி அனுப்பும். பேட்டரியே இல்லாத சாமான எப்படித் தேடுவாங்க, 1952 வரைக்கும் ஏழு வருஷம் சுவத்துல தொங்குச்சு. ஒரு மைக்செட்டுக்காரனா நான் இந்த ஒரு விஷயத்துக்கே அவருக்கு சலாம் போடுவேன், நம்ம கார்ட்லெஸ் மைக்குக்கு முகூர்த்தம் முடியறதுக்குள்ள ரெண்டு தடவ பேட்டரி மாத்துதோம்.

செத்துட்டாருன்னே வெளிய நிறைய பேரு நினைச்சிட்டு இருந்தாங்க. ஆனா 1991ல திரும்ப அமெரிக்கா போயிட்டு வந்தாரு, 1993ல மாஸ்கோல 97 வயசுல போய்ச் சேந்தாரு.

பேய்ப்படத்துல வர்ற ஊஊஊ சத்தம் இதானே?

ஆமா, ஆனா எல்லாம் இது இல்ல. ஹாலிவுட்ல 1945ல ஹிட்ச்காக்கோட 'ஸ்பெல்பவுண்ட்'ல மனசு குழம்புற காட்சிக்கு இத வச்சாங்க, 1951ல பறக்கும் தட்டு இறங்குற ஒரு படத்துக்கு வச்சாங்க, அதோட பேய்க்கும் வேற்றுக்கிரகத்து ஆளுக்கும் இதான் குரல்னு ஆகிப் போச்சு. பீச் பாய்ஸ் 1966ல போட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' பாட்டுல வர்றது தெரெமின்னு எல்லாரும் சொல்லுவாங்க, அது வேற பெட்டி, கையால ஒரு குமிழ நகத்தி வாசிக்கிறது. 'ஸ்டார் ட்ரெக்' டைட்டில்ல வர்றதும் தெரெமின் இல்ல, ஒரு அம்மா பாடுனது.

கல்யாண வீட்ல ஒரு பெரியம்மா 'பேய் சத்தம் மாதிரி இருக்கு, நிறுத்துலே'ன்னு என்ட்ட சண்டைக்கே வந்துட்டாங்க. அந்தம்மா மேல தப்பில்ல, அன்னைக்கு நான் வாசிச்சது அப்படித்தான் இருந்துச்சு.

கத்துக்க கஷ்டமா?

சத்தம் வர வைக்க அஞ்சு செகண்டு. ஒரு பாட்டு சுருதி சேந்து வர எனக்கு பதினாலு மாசம் ஆச்சு.

ஏன்னு கேளுங்க. ஆர்மோனியத்துல கட்டை இருக்கு, நாயனத்துல ஓட்டை இருக்கு, வீணைல மெட்டு இருக்கு. வயலின்ல மெட்டு இல்லைன்னாலும் தந்தி இருக்கு, விரலுக்கு ஒரு தரை கிடைக்கும். இதுல ஒண்ணுமே இல்ல. கை நிக்கதுக்கு இடமே கிடையாது, 'ரி' எங்க இருக்குன்னு கண்ணால பாக்கவும் முடியாது, விரலால தடவவும் முடியாது, காது சொல்லணும், அதுவும் கை போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே சொல்லணும், ஏன்னா போன பிறகு சொன்னா தப்பு ஊருக்கே கேட்டுரும். முழங்கை லேசா இறங்குனா சுருதி போச்சு, மூச்ச இழுத்து விட்டா உடம்பு ஆடி சுருதி போச்சு, தும்முனா கேக்கவே வேணாம்.

கிளாரா ராக்மோர்னு ஒரு அம்மா, 1911ல வில்னியூஸ்ல பொறந்தவங்க, சின்னப் பிள்ளைலயே பெரிய வயலின்காரி, வில் பிடிக்கிற கைல எலும்புக் கோளாறு வந்து வயலின விட வேண்டியதாப் போச்சு. தொட முடியாமப் போன கைக்கு தொடவே வேண்டாத வாத்தியம் அமைஞ்சுது பாருங்க. அந்தம்மாதான் விரல ஒண்ணொண்ணா விரிச்சு காத்துல சுரஸ்தானம் பிடிக்கிற முறைய உண்டாக்குனாங்க, தெர்மெனோட சேந்து பெட்டியவும் தனக்கு ஏத்த மாதிரி அஞ்சு ஸ்தாயிக்கு மாத்திக்கிட்டாங்க. இப்ப கரோலினா எய்க்னு ஜெர்மனிக்காரி, கைய ஒரே இடத்துல வச்சு விரல மூடி விரிச்சே ஒரு ஸ்தாயி முழுக்க ஏறி இறங்குற முறைய சொல்லிக் குடுக்காங்க. நான் அந்தம்மா வீடியோ பாத்துத்தான் பழகுனேன். அதுக்கு முன்னாடி எட்டு மாசம் கைய மூட்டோட ஆட்டிட்டு இருந்தேன், மாடு வெரட்டுற மாதிரி.

நம்ம கர்நாடக சங்கீதம் இதுல வருமா?

இதுதான் எனக்குப் பிடிச்ச கேள்வி, தென்காசில ஒரு பாட்டு வாத்தியார் கேட்டாரு, ரெண்டு மணி நேரம் பேசுனோம்.

வரும், ஆனா பாதிதான் வரும். ஒரு சுரத்துல இருந்து இன்னொண்ணுக்கு இழைஞ்சு போறதுக்கு இத விட நல்ல வாத்தியம் கிடையாது, ஜாரு எல்லாம் தானா வரும், நிறுத்தத்தான் கஷ்டம். தோடி ராகத்துல வர்ற காந்தாரம் மாதிரி ஆடிக்கிட்டே இருக்குற சுரத்துக்கு மணிக்கட்டு ஆடுனா போதும்னு தோணும். தோணும்தான். வெள்ளைக்காரங்க வாசிக்கும்போது கைய நடுக்கிக்கிட்டே இருப்பாங்க, அது அவங்க சங்கீதத்துக்கு அழகு, சின்ன அபசுரத்தையும் மூடிக்கிடும். நம்ம கமகம், அதாவது சுரத்த ஆட்டிப் பாடுறது, அது இல்லையே, எங்க ஆரம்பிச்சு எந்த சுரத்தத் தொட்டு எங்க நிக்கணும்னு கணக்கு இருக்கு, சும்மா நடுக்குனா தோடி வராது, காய்ச்சல் வந்தவன் பாடுற மாதிரிதான் வரும்.

இன்னொரு பாதி கஷ்டம். இதுல மீட்டு கிடையாது. ஸ ஸ, ரி ரின்னு ஜண்டை வரிசை தட்டித் தட்டி வரணும்னா ஒவ்வொரு சுரத்துக்கும் இடது கை இறங்கி ஏறணும். ஸவுல இருந்து பாவுக்கு இழையாம குதிக்கணும்னா இடது கை சத்தத்த மூடணும், அந்தக் கண்ணிமைக்குற நேரத்துல வலது கை இருட்டுல போய் பாவுல உக்காரணும், இடது கை திறக்கணும். வேகமான சிட்டைசுரம், அதான் பாட்டுக்கு நடுவுல வர்ற சுர வரிசை, எனக்கு இன்னைக்கு வரைக்கும் சேறுதான். அதனால நான் விருத்தம், தாலாட்டு, மெதுவான ஆலாபனை, இதோட நிறுத்திக்கிடுதேன். வாத்தியார் கடைசில 'நீ வாசிக்காண்டாம், பாடு, உன் கை பாடுதுன்னு நினைச்சுக்க'ன்னாரு. போன்ல தம்பூரா ஆப்ப போட்டு காதுல மாட்டிக்கிட்டு வாயால பாடிட்டு அப்புறம் கைய தூக்குனேன், அதுல இருந்துதான் கொஞ்சம் பரவால்ல.

எஸ்.ஜி. கிட்டப்பா எங்க செங்கோட்டைல பொறந்தவரு, 1906ல. மைக் இல்லாத காலத்து நாடக மேடை, உச்ச சுருதி. மைக்செட் வச்சிருக்க நான், அதுவும் ஆம்ப்ளிஃபயர் இல்லன்னா மூச்சே விடாத ஒரு பெட்டிய வச்சு, அதே ஊர்ல விருத்தம் வாசிக்கேன்னா கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

அந்த புனலூர் கல்யாணத்துல என்ன ஆச்சு? ஏன் சொதப்பிச்சு?

இத எல்லாருமே கேக்காங்க, வீடியோ அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு சுத்திருச்சு. சொல்லிடுதேன். பொண்ணு வீடு செங்கோட்டை, மாப்பிள்ளை வீடு புனலூர் பக்கம், மண்டபம் அங்க. காலைல ஆள் வர்றதுக்கு முன்னாடி டியூன் பண்ணி வச்சேன், அருமையா இருந்துச்சு. நான் வாசிக்க ஆரம்பிச்ச உடனே 'சேட்டா, இது எந்தா சாதனம்?'னு நாலு பேரு கிட்ட வந்தாங்க, சுருதி ஏறுது. நான் கைய கொஞ்சம் பின்னாடி இழுத்து சமாளிக்கேன், அவங்க இன்னும் கிட்ட வாராங்க, நான் இன்னும் பின்னாடி. அப்புறம் வீடியோக்காரத் தம்பி ஸ்டாண்டோட என்னைச் சுத்தி வட்டம் போட்டான் பாருங்க, அவன் வலது பக்கம் வந்தா பாட்டு அழுவுது, இடது பக்கம் போனா கம்மிப் போவுது. கம்பிக்கு என் கைன்னும் அவன் ஸ்டாண்டுன்னும் தெரியாதுல்லா, யாரு வந்தாலும் கெப்பாசிட்டர்தான். தாலி கட்டுற நேரத்துக்கு நான் சத்தத்தக் குறைச்சுட்டு ஓரமா நின்னுட்டேன், நாயனக்காரர் சிரிச்சிக்கிட்டே தூக்கிட்டுப் போயிட்டாரு.

சாரல் நேரத்துல ஏன் வாசிக்க மாட்டேங்கீங்க?

மாட்டேன்னு இல்ல, பயம். ஆனி ஆடில குற்றாலத்துல சாரல் அடிக்கும்போது இங்க காத்தே ஈரமா இருக்கும், துணி காயாது, தீப்பெட்டி பத்தாது. பெட்டியும் அதே மாதிரி மக்கர் பண்ணும். மேல சொன்ன கணக்க வச்சுப் பாருங்க, 5,00,000ல பத்தாயிரத்துல ஒரு பங்கு நகந்தாலே 50 ஹெர்ட்ஸ், 440 பக்கத்துல அது கிட்டத்தட்ட ரெண்டு சுரஸ்தானம் தள்ளிப் போயிடும். ரெண்டு ஆசிலேட்டரும் சேந்து நகந்தா வித்தியாசம் மாறாது, தப்பிச்சோம், ஆனா கம்பி பக்கம் இருக்கது தனியா நகரும். சூடும் அப்படித்தான், அதனால ஆன் பண்ணி இருவது நிமிஷம் சும்மா விட்டுட்டுத்தான் சுருதி வைப்பேன், நடுவுல ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவ குமிழத் தொட்டு சரி பண்ணுவேன்.

அதோட எர்த். இது முக்கியம். ரெண்டு பின் அடாப்டர்ல ஓட்டுனா பெட்டிக்கு கால் ஊன இடம் இல்லாம சுருதி அலையும். மண்டபத்துல எர்த் சரியில்லன்னா ஆம்ப்ளிஃபயர்ல உர்ர்னு இரையும், அது எல்லா மைக்செட்டுக்காரனுக்கும் தெரியும், தெரெமின்ல அது போக கைக்கும் கம்பிக்கும் உள்ள தூரமே ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. நான் மிக்ஸர் வழியா எர்த் கிடைக்குற மாதிரி வயர் போட்டிருக்கேன்.

கேரளாக்காரங்க இத எப்படி எடுத்துக்கிடுதாங்க?

நம்மள விட வேகமாப் புரிஞ்சுக்கிடுதாங்க, இடக்கா கேட்டுப் பழகுன காதுங்கிறதாலன்னு நினைக்கேன். இடக்கா தோல் வாத்தியம்தான், ஆனா தோள்ல மாட்டுன பட்டைய அமுக்கி விடும்போது கயிறு இறுகி சுருதி ஏறி இறங்கும், அதுலயே பாட்டக் கொண்டு வந்துருவாங்க. ஆரியங்காவுல கோயில்ல இடக்கா கொட்டுற ஒரு மாரார் பெரியவர் என் கைய ரொம்ப நேரம் பாத்துட்டு, 'இதில் தொடண்டே?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. வேண்டாம்னேன். தன் தோள்ப்பட்டையத் தடவிட்டு தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. நல்லா இருக்குன்னா பாவம்னா, இன்னும் புரியல.

செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சிதான, அதனால நாங்க ரெண்டு பக்கத்து ஏச்சும் வாங்கிப் பழகுனவங்க.

வீட்லயே செய்ய முடியுமா?

முடியும். ஆன்லைன்ல வெளிச்சத்த உணர்ற எல்டிஆர் வச்சு, 555 ஐசி வச்சு 'தெரெமின்'னு நிறைய வீடியோ இருக்கு, அது வெளிச்சத்த கையால மறைச்சு சத்தம் மாத்துறது, பிள்ளைங்களுக்கு நல்ல விளையாட்டு, தெரெமின் இல்ல. தூரம் அளக்குற அல்ட்ராசோனிக் சென்சாரும் அப்படித்தான், படி படியா கேக்கும்.

செலவே இல்லாம பாக்கணும்னா மூணு பழைய ஏஎம் ரேடியோ எடுங்க. அதுல ரெண்ட 600 கிலோஹெர்ட்ஸ்ல வைங்க, அதுக்குள்ள இருக்குற ஆசிலேட்டர் 455 கூட வச்சு 1055ல ஓடும், மூணாவது ரேடியோவ 1055ல வச்சு மூணையும் பக்கத்துல வச்சா ரெண்டோட வித்தியாசம் விசிலா கேக்கும். ஒண்ணோட பின் மூடியக் கழட்டிட்டு டியூனிங் கண்டன்சர் பக்கம் கையக் கொண்டு போங்க. பேட்டரி ரேடியோல மட்டும் பண்ணுங்க, கரண்ட்ல ஓடுறத திறந்து வச்சு கைய விடாதீங்க.

ஒழுங்கா வாசிக்கணும்னா ஓப்பன் தெரெமின்னு ஒரு டிசைன் இருக்கு, வரைபடம் எல்லாம் இலவசமா போட்டிருக்காங்க, சோல்டரிங் தெரிஞ்சா போதும். என்னுது அதான். வசதி இருக்கவங்க மூக் கம்பெனிது வாங்கலாம். சிந்தசைசருக்குப் பேர் போன அந்த பாப் மூக், சின்னப் பையனா இருக்கும்போதே தெரெமின் செஞ்சு பழகுனவரு, அதுல இருந்துதான் சிந்தசைசருக்கே போனாரு.

கீபோர்டுலயே இந்த சவுண்ட் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?

இருக்கு. தம்பி, அத வாங்கிக்கோங்க.

என் பிள்ளைக்கு கத்துக் குடுப்பீங்களா?

பாட்டு கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருந்தா கூட்டிட்டு வாங்க. தெரியலன்னா ஒரு வருஷம் பாட்டு வாத்தியார்ட்ட விட்டுட்டு அப்புறம் வாங்க, காது இல்லாம இதத் தொட்டா, தொடாம இருந்தா, எப்படிச் சொல்ல, ஒண்ணும் நடக்காது. பக்கத்து வீட்ல யாரும் பகையாளி இருந்தா மட்டும் உடனே ஆரம்பிக்கலாம்.

எங்க வீட்டு விசேஷத்துக்கு வருவீங்களா? எவ்ளோ?

செட்டுக்கு உள்ள வாடகைதான், பெட்டிக்குத் தனியா காசு வாங்கதில்ல. ஆனா மூணு விஷயம் சொல்லிடுதேன். மூணு பின் பிளக் எர்த்தோட வேணும். பெடஸ்டல் ஃபேன் என் பக்கத்துல வைக்காதீங்க, அது தலைய ஆட்டும்போது சுருதியும் ஆடும். என்னைச் சுத்தி ஆறடிக்கு கயிறு கட்டிடுவேன், உள்ள ஒரு ஆள் வரக் கூடாது, வீடியோக்காரரானாலும் சரி, தாய்மாமாவானாலும் சரி.